முப்பத்தேழு பௌர்ணமி

கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டுக்குள் சுமார் 37 பௌர்ணமி வந்து போகிறது. வேறு ஊரில் பி.காம். படிக்கும் மாணவருக்கு இந்த எண்ணால் ஒரு பயனும் கிடையாது. திருவண்ணாமலையில் படிப்பவருக்கோ இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் அமையாது. ஒவ்வொரு பௌர்ணமி இரவும் அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். தேநீர், சுண்டல், தண்ணீர், பூ, கற்பூரம், செருப்புக் காவல், ஆட்டோ, அறை வாடகை என்று ஒரே இரவில் ஒரு பெரிய சந்தை எழுந்து, பொழுது விடிந்ததும் கலைந்துவிடுகிறது. விடிந்தபின் மிஞ்சுவது இரண்டு: கல்லாவில் பணம், சாலையோரத்தில் குப்பை. இருபத்தொன்பதரை நாள் கழித்து அதே பாதை, ஏறக்குறைய அதே கடைகள், மீண்டும் அதே சந்தை. ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அது பலித்ததா என்று அளந்து, பிழையைத் திருத்தி அடுத்த மாதமே மறுபடி முயல முடிகிற இடம் வணிகப் படிப்பில் எளிதில் வாய்க்காது. வளங்குன்றா வணிகம் கற்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆகவேண்டும் என்று நினைக்கும் மாணவருக்கு இந்த அத்தியாயம் ஒன்றைத்தான் சொல்ல வருகிறது: கற்க வேண்டிய பொருள் காலடியில் கிடக்கிறது, அதைக் கணக்காக எழுதப் பழகுவதே படிப்பு.

வளங்குன்றா வணிகம் என்றதும் மரம் நடுதல், பச்சை நிற விளம்பரம், துணிப்பை வழங்கும் விழா ஆகியவை நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தவறில்லை, ஆனால் அவை வணிகம் ஆகிவிடா. வணிகத்தின் மொழி பேரேடு. ஒரு தொழில் உண்மையில் செய்யும் செலவுகளில் எவையெல்லாம் அதன் பேரேட்டில் ஏறாமல் ஆற்றின் தலையிலும் ஊரின் தலையிலும் எழுதப்படுகின்றன என்று கண்டுபிடித்து, அவற்றைக் கணக்கில் ஏற்றியபின்னும் அந்தத் தொழில் நிற்குமா என்று பார்ப்பதுதான் இந்தப் படிப்பின் சாரம். இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையில் கழிவுநீரை விட்டன. சுத்திகரிப்புச் செலவு அவற்றின் ஏட்டில் இல்லை. உப்பேறிய கிணறுகளில் இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. எழுதப்படாத செலவு அன்று ஒரே நாளில் ஏட்டில் ஏறியது. திருப்பூரிலும் அதுவே நடந்தது. நொய்யல் ஆற்று வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, கழிவுநீர்ச் செலவைத் தள்ளிப்போட்டுச் சேர்த்த லாபம் எவ்வளவு நிலையற்றது என்பது பின்னலாடைத் தொழில் முழுவதற்கும் தெரிந்தது. ஆகவே இது நல்லெண்ணத்தின் பாடம் மட்டும் என்று எண்ண வேண்டாம். வரப்போகும் செலவை முன்கூட்டியே காணும் திறமையின் பாடமும்கூட.

நம் கல்லூரிகளில் இதற்கான பகுதிகள் ஏற்கெனவே இருக்கின்றன, தனித்தனியாகக் கிடக்கின்றன என்பதுதான் குறை. எம்.சி.மேத்தா வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின் தொடர்ச்சியாக, எல்லா இளநிலைப் படிப்புகளிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. பி.காம்., பி.பி.ஏ. மாணவர் அடக்கவிலைக் கணக்கியலைத் தனியாகப் படிக்கிறார்; தொழில்முனைவுத் தாளை இன்னொரு பருவத்தில் படிக்கிறார். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் சொல்வதில்லை. சுற்றுச்சூழல் தாளுக்குக் களப்பணி கேட்டால் ஏரிக்கரைக்குப் போய்ப் புகைப்படம் எடுத்து ஒட்டுகிறோம். அதே களப்பணியை ஒரு கடையின் ஓர் இரவுக் கழிவுக் கணக்காகச் செய்ய எந்த விதியும் தடையில்லை. இறுதிப் பருவத் திட்டக்கட்டுரையையும் அப்படியே திருப்பலாம். இந்த வட்டாரத்தில் பல மாணவர், ஊருக்குத் தொடர்பே இல்லாத ஒரு கைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்தியைப் பற்றி ஐம்பது வினாத்தாள் நிரப்பி முடித்துவிடுகிறார்கள். அந்த உழைப்பில் பாதி போதும், கிரிவலப் பாதையின் ஒரு கிலோமீட்டரை அளந்துவிடலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த நேரத்தையும் இதே வேலைக்குக் கேட்டுப் பெறலாம். பாட அறிவு போதவில்லை என்று தோன்றினால் ஸ்வயம், என்.பி.டெல். தளங்களில் கழிவு மேலாண்மை, வளங்குன்றா வளர்ச்சி பற்றிய பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டுமே கட்டணம். ஆனால் சான்றிதழிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் களம், அங்கே எழும் கேள்விக்குப் பிறகு பாடம்.

முதலாண்டில் செய்ய வேண்டியது எண்ணுவது மட்டும்தான். யோசனை சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் போக வேண்டிய இடம் காயலான்கடை. எந்தக் கழிவுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதை அந்தக் கடைக்காரரைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லாது. தண்ணீர் பாட்டிலை எடை போட்டு வாங்குவார், அட்டைப்பெட்டியை வாங்குவார், பல அடுக்கு நொறுக்குத்தீனி உறையைக் கையால்கூடத் தொடமாட்டார். விலை உள்ள பொருளை அதிகாலையிலேயே பொறுக்கிச் சென்றுவிடும் மனிதர்கள் இருக்கிறார்கள்; அது அவர்களுடைய வருமானம். மாணவர் அணி ஒன்று பாட்டில் சேகரிக்கும் 'புதுமைத் திட்டம்' தொடங்கினால், இருக்கிற ஏழையின் பிழைப்பைப் பிடுங்கியதாக முடியும். ஆகவே கவனம் செல்ல வேண்டியது விலையில்லாத கழிவின் மேல். பாதையில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, பௌர்ணமிக்கு மறுநாள் காலை தூய்மைப் பணியாளர்கள் வேலை தொடங்கும் நேரத்தில் அவர்களுடைய அனுமதியோடு, கையுறை அணிந்து, கோப்பை, தட்டு, இலை, உணவு, உறை எனப் பிரித்து எடை போடுங்கள். மூன்று பௌர்ணமிக்கு இதை மாறாமல் செய்தால், ஊரில் எவரிடமும் இல்லாத ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்கும். சித்ரா பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் இந்தச் சராசரியில் சேர்க்காதீர்கள். அவற்றின் கூட்டம் வேறு அளவு. சேர்த்தால் கணக்கே கோணிவிடும்.

எண்ணிக்கை எப்படி வணிகமாகிறது என்பதை ஒரு தேநீர்க் கோப்பையை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஆணையிட்டு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் ஒன்று. காகிதம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். தேநீர் ஊறிக் கசியாமல் தடுப்பது உள்ளே பூசிய மெல்லிய பிளாஸ்டிக். கோப்பை தயாரிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இந்தத் தடையைச் செல்லும் என்றது. அப்படியானால் டீக்கடைக்காரர் எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிட வேண்டியதுதானே? கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடையின் உண்மை எண்களை நீங்களே கேட்டு நிரப்புங்கள். ஒரு கடையில் ஓர் இரவுக்கு 1,000 டீ. கோப்பை ஒன்று 80 காசு என்றால் செலவு 800 ரூபாய். டம்ளருக்கு மாறினால் கழுவ ஓர் ஆள் கூலி 600, தண்ணீர் 200, வைத்திருக்கும் 100 டம்ளரில் பத்துக் காணாமல் போனால் ஒன்று 25 ரூபாய் வீதம் 250. ஆக 1,050 ரூபாய். கடைக்காரருக்கு 250 ரூபாய் நட்டம். 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று முடிவுகட்டும் மாணவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார். கடைக்காரருக்கு விழிப்புணர்வு நன்றாகவே இருக்கிறது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

இதே கணக்கை அடுத்தடுத்து நிற்கும் ஐந்து கடைக்குச் சேர்த்துப் போடுங்கள். கோப்பைச் செலவு 4,000. ஒரு கடைக்கு அமர்த்திய ஆள் மணிக்கு நூறு டம்ளர் மட்டுமே கழுவிக்கொண்டு பாதி நேரம் சும்மா இருந்தார். ஐந்து கடைக்கும் பொதுவாக மூன்று பேர் போதும், கூலி 1,800. தண்ணீரைத் தொட்டியாக வாங்கினால் 600. ஐந்நூறு டம்ளரில் பத்தில் ஒரு பங்கு போனாலும் 1,250. மொத்தம் 3,650 ரூபாய். இப்போது 350 ரூபாய் மிச்சம். தனித்தனியாக நட்டமாகும் ஒன்று, பகிர்ந்துகொண்டால் லாபமாகிறது. அதிலும் பெரிய ஓட்டை டம்ளர் காணாமல் போவதுதான். அதை அடைக்க வழி, முன்பணம் வாங்கி டம்ளரைத் திருப்பும்போது கொடுப்பது. இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். நீலகிரியில் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் தரும் முறை தொடங்கியது. காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் எறியப்பட்டு வந்த பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்குத் திரும்பி வந்தது. அங்கே முடிந்தது டீ டம்ளருக்கு முடியாதென்று முன்கூட்டியே தீர்மானிக்கக் காரணமில்லை. நடந்துகொண்டே குடிப்பவரிடம் அது பலிக்காது என்பது நியாயமான ஐயம்தான். அடுத்த கடையிலும் டம்ளரைத் திருப்பலாம் என்றால் பலிக்குமா என்பதை ஒரே பௌர்ணமியில் சோதித்துவிடலாம். முன்பணத்தால் இழப்பு 250 ரூபாயாகக் குறைந்தால் இரவுக்கு 1,350 ரூபாய் மிஞ்சும்.

டம்ளர் வாங்க முதல் எங்கே என்று கேட்கலாம். வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பழக்கம் வருமுன்பே, பத்துக் கல்யாணத்துக்கு ஒரே அண்டா என்ற வளங்குன்றா வணிகத்தை அவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் இல்லாத நாளில், குறிப்பாக ஆடியிலும் மார்கழியிலும், அவர்கள் சரக்கு அறையில்தான் கிடக்கும். அந்த மாதங்களிலும் பௌர்ணமி வருகிறது. இருக்கிற இரண்டு தொழில்களின் ஓய்வு நாளையும் நெருக்கடி நாளையும் பொருத்திப் பார்ப்பது புதுக் கண்டுபிடிப்பைவிட மலிவானது; பெரும்பாலும் அதைவிட உறுதியானது.

பக்தர்கள் இதற்கெல்லாம் கூடுதல் விலை தரமாட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், தரவும் கூடாது. பேருந்துக்குக் காசு எண்ணி வைத்துக்கொண்டு வருகிறவரிடம் சுற்றுச்சூழல் வரி வாங்குவது வணிகத் தோல்வியும் அறத் தோல்வியுமாகும். மேலே போட்ட கணக்கில் டீயின் விலை உயரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்னதானத்தில் விலை என்பதே கிடையாது. அங்கே முடிவெடுப்பவர் கொடையாளர். அவருக்குத் தட்டு என்பது மொத்தச் செலவில் சிறு பகுதி. பாக்குமட்டைத் தட்டு வெளியூர்களிலிருந்து வர வேண்டும். தையல் இலையை இந்த வட்டாரத்துப் பெண்களே தைத்துத் தரலாம். எந்தக் கொடையாளர் எத்தனை ஆயிரம் இலைக்கு, எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார் என்ற பட்டியல் இருந்தால், மகளிர் சுயஉதவிக்குழு ஒன்று நம்பி இலை தைக்கும். தடைபட்டு நிற்பது பொருளல்ல, தகவல். கார்த்திகை தீபத்துக்குத் துணிப்பையோடு வருவோருக்குக் குலுக்கலில் தங்க, வெள்ளிக் காசு கொடுத்துப் பார்த்தது மாவட்ட நிர்வாகம். நல்ல எண்ணம். ஆனால் பரிசு தீபத்துக்கு மட்டும் வரும்; ஆர்டர் வந்தால் அது மாதா மாதம் நிற்கும்.

குப்பை மாநகராட்சியின் பொறுப்பு, மாணவர் ஏன் சுமக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது. அள்ளுவது அதன் கடமை, அதில் ஐயமில்லை. அள்ளவே தேவையில்லாமல் செய்வது கடைகளின், விடுதிகளின், மண்டபங்களின் கடமை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று வகுத்து, தரம் பிரிப்பதையும் மக்கும் குப்பையைக் கூடியவரை வளாகத்துக்குள்ளேயே கையாள்வதையும் அவர்கள்மேல் சுமத்தின. எத்தனை விடுதி மேலாளர் தம் விடுதியின் குப்பை எத்தனை கிலோ என்று எடைபோட்டிருப்பார்? அந்த எடையை மாதந்தோறும் எழுதிக் கொடுப்பதே ஒரு சேவை, கட்டணம் கேட்கக்கூடிய சேவை. பூக்கழிவு இதைவிட நல்ல வாய்ப்பு. கான்பூரில் ஃபூல் என்ற நிறுவனம் கோயில் பூக்களை ஊதுபத்தியாக்கி நாடெங்கும் விற்கிறது. இங்கே அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லமாட்டேன். வாழைநார், நூல், கற்பூரத் தாள் எல்லாம் கலந்த மாலைகளிலிருந்து பூவைப் பிரிக்கும் கூலிதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி. அதை முதலில் அளந்துவிட்டுப் பேச வேண்டும்.

பாதையை விட்டு மலைக்கு வருவோம். அண்ணாமலைக்கு அல்ல, ஜவ்வாதுமலைக்கு. ஜமுனாமரத்தூர் வட்டாரத்து மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமை மழையை மட்டும் நம்பி, உரம் அதிகம் கேட்காமல் விளைகிற பயிர். அதன் சிக்கல் விளைச்சலில் இல்லை, உமியில் இருக்கிறது. சிறு தானியத்தின் உமியை நீக்க இயந்திரம் வேண்டும். அது அருகில் இல்லாதபோது விவசாயி உமியோடு குறைந்த விலைக்கு விற்கிறார், லாபம் கீழே சமவெளியில் இருப்பவருக்குப் போகிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமைக்கு விலை ஏறியது. அந்த ஏற்றத்தில் மலைக்கு எவ்வளவு போகிறது என்று பின்தொடர்ந்து எழுதுவது அருமையான திட்டக்கட்டுரை. நிறுவனச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம், பத்து உற்பத்தியாளர் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவுசெய்ய வழிவிட்டது. பதிவு செய்த பின்னர் ஆண்டுக் கணக்கு, ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம், பொட்டலத்தில் அச்சிட வேண்டிய விவரம் என்று வரும் தாள் வேலையில்தான் பல உழவர் நிறுவனங்கள் திணறுகின்றன. இது மூன்றாமாண்டு பி.காம். மாணவருக்குத் தெரிந்த வேலை. பயிர்ப் பக்கத்து அறிவு வேண்டுமானால் வாழவச்சனூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மாணவர்களோடு சேர்ந்து அணி அமைப்பது இரு தரப்புக்கும் நல்லது. கிரிவலப் பாதையில் சாமைக் கஞ்சி ஒரு கோப்பை என்ன விலைக்கு நிற்கும் என்ற கேள்வியில் மலையும் பாதையும் சந்திக்கின்றன.

இதில் வேலை கிடைக்குமா? பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். பல வீடுகளில் முதல் பட்டதாரி இந்தப் பிள்ளைதான். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்திலுள்ள நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு, பணியாளர் நலன் பற்றிய அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாகத் தர வேண்டும் என்றது. பெரிய நிறுவனம் அறிக்கை தர, அதற்குச் சரக்குத் தருகிற சிறிய நிறுவனமும் எண்களைத் தர வேண்டியிருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குக் காலணி தயாராகிறது. அந்தப் பிராண்டுகள் அனுப்பும் தணிக்கையாளர் கேட்பதும் இதே எண்களைத்தான். கழிவை எடைபோட்டு, பிரித்து, மாதா மாதம் ஒரே முறையில் எழுதி, ஏன் ஏறியது ஏன் இறங்கியது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே வேலை உண்டு. இது உடனே பெரிய சம்பளம் தரும் துறை என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சாதாரணக் கணக்கர் வேலைக்குப் போட்டியிடும்போதும் முப்பது மாதக் களக்கணக்கு ஒன்றை மேசைமேல் வைப்பவர் தனித்துத் தெரிவார். அதைத் துணிந்து சொல்லலாம்.

நேரமும் பாதுகாப்பும் உண்மையான தடைகள். கல்லூரி முடிந்து கடைக்கோ வயலுக்கோ போகும் மாணவரிடம் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. அவர் வேலை பார்க்கும் கடையே அவருடைய களமாகட்டும். பிறருக்கு எட்டாத கடைக் கணக்கு அவருக்கு எட்டும். மாணவியரை இரவு முழுவதும் பாதையில் நிற்கவைக்கும் திட்டத்தை வீட்டில் ஒப்பமாட்டார்கள். எடைபோடும் வேலை விடிந்தபின் நடப்பது, கொடையாளர் பட்டியலும் கடைக்காரர் பேட்டியும் பகல் வேலை. இரவில் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்தாலும் விடை கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதை மாணவரிடம் மறைக்கக் கூடாது. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்து, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. ஒரு டீக்கு ஒரு கோப்பை மிச்சமானாலும் டீக் குடிப்பவர் தொகை இரட்டிப்பானால் தண்ணீர் இரட்டிப்பாகத்தான் வேண்டும். டம்ளர் கழுவும் தண்ணீரும் ஏதோ ஒரு கிணற்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் ஏட்டில் தண்ணீருக்கு ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். லாபம் வந்த மாதத்தில் அந்தப் பத்தி ஏறியிருந்தால், அதையும் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தமக்குச் சாதகமான எண்ணை மட்டும் அச்சிடும் பழக்கம் பெரிய நிறுவனங்களில் வேண்டிய அளவு இருக்கிறது.

கடைசியாகக் கடன். மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான தொழில்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு; தமிழ்நாடு புத்தொழில் இயக்கத்தின் டான்சீட் ஆதார நிதியும் இருக்கிறது. படிக்கும்போது இரண்டையும் தொட வேண்டாம். மேலே பார்த்த டம்ளர் சேவையின் மிச்சம், எல்லாம் நன்றாக நடந்தாலும், ஆண்டுக்குப் பதினாறாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு பட்டதாரியின் பிழைப்புக்கு அது போதாது; கடன் தவணைக்கும் போதாது. ஏற்கெனவே இலை தைக்கும் ஒரு சுயஉதவிக்குழுவுக்கோ பாத்திர வாடகைக் கடைக்கோ அது பௌர்ணமிதோறும் வரும் கூடுதல் வருமானம். அப்படிப்பட்ட விடை வந்தால் தொழிலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை எடைபோட்டுக் கணக்கு எழுதிக் கொடுக்க மாதத்தில் ஒருநாள் போதும். அதற்கு ஒரு சிறு கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.